கோளக் கொத்துகள்: நிறத்தைப் பார்த்து வயசு சொல்லாதீங்க

மே மாத நடுவில் இரவு ஒன்பது மணிவாக்கில், எங்கள் தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஏறக்குறைய உச்சிக்கு நேர் மேலே எம்87 என்ற கேலக்ஸி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. துறைமுக விளக்கு வெளிச்சத்தில் என்னுடைய சின்னத் தொலைநோக்கிக்கும் சிக்காது. ஆனாலும் ட்யூஷன் பிள்ளைகளை மேலே கூட்டிப்போய் அந்த இடத்தைக் காட்டுவேன். 5 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள அந்த ராட்சத நீள்வட்ட கேலக்ஸியைச் சுற்றி, பந்தாக நெருங்கிய விண்மீன் கூட்டங்களான கோளக் கொத்துகள் 12,000 போல இருக்கின்றன. நம் பால்வீதிக்கு 150 சொச்சம்தான். அங்கே மட்டும் எப்படி இத்தனை என்ற கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான், பிள்ளைகளும் வீடியோ போடுகிற பெரியவர்களும் திரும்பத் திரும்ப அதே தவறுகளைச் செய்கிறார்கள்.

சின்னத் தவறுகளை முதலில் முடித்துவிடுகிறேன். நம் கார்த்திகை கோளக் கொத்து அல்ல, திறந்த கொத்து. சுமார் ஆயிரம் விண்மீன், வயசு 10 கோடி ஆண்டுவாக்கில். மெல்ல மெல்லக் கலைந்துபோகும். கோளக் கொத்தில் லட்சக்கணக்கான விண்மீன்கள் பந்தாக நெருங்கி, பல நூறு கோடி ஆண்டுகள் கலையாமல் நிற்கும். இன்னொன்று, அங்கங்கே திரிந்த விண்மீன்கள் ஈர்ப்பால் வந்து சேர்ந்த கூட்டம் இது என்று எழுதாதீர்கள். பெரும்பாலும் ஒரே வாயு மேகத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. அந்த மேகம் சுற்றியுள்ள அழுத்தத்தால் நன்றாக இறுகியிருந்தால்தான் இவ்வளவு அடர்த்தியான பந்து உருவாகும்.

இனி பெரிய தவறு. எம்87-இன் கொத்துகளை நிறம் பார்த்துப் பிரித்தால் நீலச்சாயல், செஞ்சாயல் என்று இரண்டு கும்பல் கிடைக்கும். உடனே "நீலம் இளசு, சிவப்பு கிழடு" என்று எழுதிவிடுகிறார்கள். காசிமேட்டில் ஒருமுறை தோல் மினுமினுப்பை நம்பி ஒரு வஞ்சிரத்தைக் கையில் எடுத்தேன். பக்கத்துக் கூடைக்கார அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தோலைப் பாக்காத கண்ணு, செவுளத் தூக்கிப் பாரு" என்றார். தூக்கினேன், உள்ளே பழுப்பேறிக் கிடந்தது. கொத்துகளுக்கு அந்தச் செவுள் நிறமாலைதான். ஒளியைப் பிரித்துப் பார்த்தால், எம்87-இல் இரண்டு கும்பலிலும் பெரும்பாலானவை 1,000 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட கிழடுகள்தான் என்று தெரியும். சாயல் மாறுவது முக்கியமாக உலோகத்தால். ஹீலியத்தைவிடக் கனமான எல்லாத் தனிமங்களையும் வானியலில் உலோகம் என்றே சொல்வார்கள். அது குறைந்தால் நீலச்சாயல், கூடினால் செஞ்சாயல்.

அடுத்தது, ஒரே வழியைப் பிடித்துக்கொள்வது. 1992-இல் ஆஷ்மன், ஸெஃப் என்ற வானியலாளர்கள் இருவரும், வாயு நிறைந்த இரண்டு சுருள் கேலக்ஸிகள் மோதி இணையும்போது புதுக் கோளக் கொத்துகள் பிறக்கும் என்றார்கள். பிறகு ஹபிள் தொலைநோக்கி, மோதிக்கொண்டிருக்கும் ஆன்டெனா கேலக்ஸிகளில் இளம் கொத்துகளைக் கண்டது. அதனால் எல்லாமே மோதலில் வந்தவை என்று முடித்துவிடக் கூடாது. பெரிய கேலக்ஸி சின்னவற்றை விழுங்கும்போது, அவற்றின் உலோகம் குறைந்த கொத்துகளும் கூடவே வந்து சேர்கின்றன. எம்87 மாதிரி கன்னி கேலக்ஸிக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒன்றுக்கு இந்த வரவு கொஞ்சமல்ல.

எனக்கு மனசு ஆறாத தவறு ஒன்று உண்டு. "நீள்வட்ட கேலக்ஸி செத்த கேலக்ஸி, அங்கே இனி எதுவும் பிறக்காது" என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ஜிசி 1275 என்ற நீள்வட்ட கேலக்ஸியின் ஹபிள் படத்தைக் காட்டுவேன். மார்கழி முன்னிரவில் வடக்கு வானில், பெர்சியஸ் கேலக்ஸிக் கூட்டத்தின் நடுவில், சுமார் 23 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிக் கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் வாயு நிரம்பியிருக்கிறது. மையத்துக் கருந்துளை தாரைகளைப் பீய்ச்சி அதைச் சூடாகவே வைத்திருக்கப் பார்க்கிறது. அப்படியும் ஒரு பங்கு ஆறிக் குளிர்ந்து, சிக்குப் பிடித்த நூல் போல இழை இழையாகத் தொங்குகிறது. 2020-இல் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் ஜெரமி லிம் குழு, ஹபிள் படங்களை வைத்து, இதே குளிர்ந்த வாயுவிலிருந்து கடந்த 100 கோடி ஆண்டுகளாகக் கொத்துகள் பிறந்துகொண்டே இருக்கின்றன என்று காட்டியது. இங்கே நீலம் உண்மையிலேயே இளமை. சீக்கிரம் எரிந்து தீரும் சூடான விண்மீன்கள் இன்னும் உயிரோடு இருப்பதால் வரும் நீலம். எம்87-இன் நீலத்துக்குக் காரணம் ஒன்று, இதற்குக் காரணம் வேறு. செவுளைத் தூக்கச் சொன்னது அதற்குத்தான்.

ஆனால் இவற்றையும் அவசரப்பட்டுக் கோளக் கொத்து என்று எழுதிவிட வேண்டாம். எடை குறைந்தவை கேலக்ஸியின் இழுப்பில் சிதறிப்போகும். கனத்தவைதான் பல நூறு கோடி ஆண்டு தாக்குப்பிடித்து, நீலம் வெளுத்து, எம்87-இல் பார்க்கிற கிழட்டுப் பந்துகள் மாதிரி ஆகும். அதுவரைக்கும் என் வகுப்பில் அவற்றுக்குப் பெயர் குருத்து.