வெளிநாட்டிலிருந்து கிண்டில் வருகிறதா?

லீவுக்கு ஊர் வரும் அண்ணனிடம் கிண்டில் (அமேசானின் மின்புத்தகம் படிக்கும் கருவி) வாங்கி வரச் சொல்லலாமா என்று யோசிக்கிறீர்களா? தாராளமாகச் சொல்லுங்கள். 2007-ல் முதல் கிண்டில் அமெரிக்காவில் மட்டும்தான் விற்பனைக்கு வந்தது. புத்தகத்தை இறக்கும் வயர்லெஸ் வசதியும் அந்த நாட்டு நெட்வொர்க்கை நம்பியே இருந்தது. 2009 அக்டோபரில்தான் மற்ற நாடுகளுக்கும் அனுப்ப ஆரம்பித்தார்கள். இன்று வைஃபை இருந்தால் போதும், எங்கே வாங்கியதும் நம் வீட்டில் ஓடும்.

பார்க்க வேண்டியது கருவியை அல்ல, கணக்கை. எந்த நாட்டு அமேசான் கணக்கைச் சேர்க்கிறீர்களோ அந்த நாட்டுக் கடைதான் திறக்கும். அண்ணன் தன் கணக்கில் ஆர்டர் செய்தால், பெட்டியைப் பிரிக்கும்போதே மேல் மூலையில் அவர் பெயர் இருக்கலாம். பதற வேண்டாம். செட்டிங்ஸில் போய் அந்தப் பதிவை நீக்கிவிட்டு உங்கள் இந்தியக் கணக்கைச் சேர்த்தால் ரூபாய் விலையில் தமிழ்ப் புத்தகங்கள் வந்துவிடும். ஆர்டரிலேயே 'பரிசு' என்று குறிக்கச் சொன்னால் இந்த வேலையும் மிச்சம்.

இன்னொன்று. அமெரிக்காவில் விலை குறைந்த மாடல்களில் பூட்டிய திரையில் விளம்பரம் வரும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, விளம்பரம் இல்லாததையே கேளுங்கள். தினமும் கையில் எடுக்கும் பொருள் அல்லவா? வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு சரி.

மின்புத்தகங்களை ஈபப் (EPUB) கோப்புகளாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள் கனடாவின் கோபோ என்ற மின்புத்தகக் கருவியையும் யோசிக்கலாம், அதில் அப்படியே திறக்கும். கிண்டிலுக்கு அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்ப வேண்டும்.