8-ஆல வகுக்கணுமா, 10-ஆல வகுக்கணுமா? பழைய லைன் ஸ்பீடை பைட் கணக்குக்கு மாத்துற முறை

கோத்தகிரிக்குக் கீழ ஒரு எஸ்டேட்டுல மழை அளக்குற பழைய டேட்டா லாகர் ஒண்ணு இருக்கு, அதுல இருந்து டேட்டா எடுக்க ஒரே வழி பின்னாடி இருக்குற 9 பின் சீரியல் போர்ட்டுதான், ஸ்பீடு செகண்டுக்கு 9600 பிட், மெமரி 1 எம்பி ஃபுல்லா நிறைஞ்சிருந்துச்சு. ஐப்பசி மழை வேற. டவுன்லோடு போட்ட உடனே கரண்ட் போச்சு. ஆபீஸ்ல இருந்த அண்ணன் "தம்பி, எவ்வளவு நேரம் ஆகும், யூபிஎஸ் கால் மணி நேரம்தான் தாங்கும்"னாரு. 8 பிட் ஒரு பைட்டுன்னு நான் 9600-ஐ 8-ஆல வகுத்து, செகண்டுக்கு 1200 பைட், பதினாலரை நிமிஷம், முடிஞ்சிரும்ணேன்னு சொன்னேன். 16-வது நிமிஷம் ஸ்க்ரீன்ல 900 கேபின்னு காட்டிட்டு இருக்கும்போதே யூபிஎஸ் அணைஞ்சிருச்சு. விட்ட இடத்துல இருந்து தொடர அந்த லாகருக்குத் தெரியாது, மறுபடி முதல்ல இருந்துதான். அன்னைக்கு ராத்திரி உக்காந்து கணக்கை ஒழுங்கா போட்டுப் பாத்தேன், அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல் படி: ஸ்பீடு பிட்ல இருக்கா பைட்ல இருக்கான்னு பாருங்க. ஃபோன் லைன், மோடம், சீரியல், யூஎஸ்பி, சாட்டா (ஹார்ட் டிஸ்க்கை இணைக்கிற ஒல்லி கேபிள்) எல்லாம் பிட்ல சொல்லுவாங்க. ஐடிஇ, ஸ்கஸி மாதிரி பட்டையான கேபிள் போட்ட பழைய டிஸ்க்கெல்லாம் பைட்லயே சொல்லுவாங்க. ஏடிஏ 100-ன்னா செகண்டுக்கு 100 எம்பி, அல்ட்ரா 320 ஸ்கஸின்னா 320 எம்பி, அதை எதாலயும் வகுக்க வேண்டாம்.

ரெண்டாவது: லைன் ஸ்பீடுல கிலோன்னா 1000. விண்டோஸ் ஃபைல் சைஸ் காட்டும்போது 1024. அதனால ஃபைலை முதல்ல முழு பைட்டா மாத்திக்கோங்க, 1 எம்பி = 10,48,576 பைட்.

மூணாவது படிதான் என்னைக் கவுத்தது, இதை நிதானமா படிங்க. சீரியல்ல ஒரு பைட் போகணும்னா 8 பிட் மட்டும் போகாது, முன்னாடி ஒரு ஸ்டார்ட் பிட், பின்னாடி ஒரு ஸ்டாப் பிட் சேர்ந்து மொத்தம் 10 பிட் போகும். அப்போ 9600-ஐ 10-ஆல வகுக்கணும், செகண்டுக்கு 960 பைட்தான். 10,48,576-ஐ 960-ஆல வகுத்தா 1092 செகண்டு, அதாவது 18 நிமிஷம் 12 செகண்டு. 16 நிமிஷத்துக்கு 960 செகண்டு, 960 பெருக்கல் 960 போட்டா 9,21,600 பைட், சரியா 900 கேபி. ஸ்க்ரீன்ல நின்ன அதே நம்பர்!

சாட்டாவுக்கும் 10-தான், ஆனா காரணம் வேற. அங்க ஸ்டார்ட் பிட் கிடையாது, ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட் கோடா மாத்தித்தான் வயர்ல அனுப்புவாங்க, எதிர்ப்பக்கம் ஒவ்வொரு பிட்டும் எப்போ வருதுன்னு கிளாக்கைப் பிடிச்சுக்கணும்ங்கிறதுக்காக. அதனாலதான் 1.5 ஜிபிட் சாட்டா 150 எம்பி, 3 ஜிபிட் 300, 6 ஜிபிட் 600. யூஎஸ்பி 3.0-ல 5 ஜிபிட்டுக்கும் இதே கணக்கு, 500 எம்பி. யூஎஸ்பி 2.0-க்கு மட்டும் 8-ஆல வகுங்க, 480 மெகாபிட் வந்து 60 எம்பி ஆகும், ஆனா கையில கிடைக்கிறது 30-ஐ ஒட்டித்தான்.

ஈ1 லைன், நம்ம ஊர்ல 2 எம்பி லீஸ்டு லைன்னு (வாடகைக்கு எடுக்குற தனி லைன்) சொல்றது, அதுக்கும் 8-தான், ஆனா முதல்ல கழிக்கணும். ஒரு குரலை செகண்டுக்கு 8000 தடவை, தடவைக்கு 8 பிட்டா எடுத்தா 64 கிலோபிட், அந்த மாதிரி 64 கிலோபிட் அறை 32 சேர்ந்ததுதான் 2048. அதுல ஒரு அறை ஃப்ரேமிங்குக்கு, அதாவது எந்த அறை எங்க ஆரம்பிக்குதுன்னு அடையாளம் காட்ட, போயிரும், மிச்சம் 1984, வகுத்தா செகண்டுக்கு 2,48,000 பைட். அமெரிக்காக்காரங்க டி1 வேற, 24 அறை, ஃப்ரேமிங் 8 சேர்த்து 1544, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

நாலாவது: நடுவுல எது மெதுவோ அந்த ஸ்பீடுதான் மொத்தத்துக்கும். 40 ஜிபி ஐடிஇ டிஸ்க் ஒண்ணை லீஸ்டு லைன் வழியா கோயம்புத்தூருக்கு அனுப்பலாமான்னு ஒருத்தர் கேட்டாரு. டிஸ்க் லேபிள்ல ஜிபின்னா நூறு கோடி பைட், அப்போ 4000 கோடி பைட். ஏடிஏ 100 கணக்குல 400 செகண்டு, ஈ1 கணக்குல 1,61,290 செகண்டு, கிட்டத்தட்ட 45 மணி நேரம். டிஸ்க்கை நல்லா சுத்தி பையில போட்டுட்டு மேட்டுப்பாளையம் பஸ் ஏறுங்கன்னு சொல்லிட்டேன்.

ஆன்லைன் கன்வர்ட்டர்களை நான் நம்புறதில்ல, அதுங்க எல்லாத்தையும் 8-ஆல வகுத்துத் தந்திரும், ஸ்டாப் பிட் இருக்கான்னு கேக்காது. லிப்ரே ஆபீஸ் கால்க்ல நாலு காலம் போட்டு வெச்சிருக்கேன், அது போதும். சீரியல் போர்ட்டுல டேட்டா வாங்குறதுக்கு டெரா டெர்ம்ங்கிற ப்ரோக்ராம் நல்லா இருக்கு, யூஎஸ்பியில இருந்து சீரியலுக்கு மாத்துற கன்வர்ட்டர் வாங்கினா எஃப்டிடிஐ சிப் போட்டதா பாத்து வாங்குங்க, நூறு இருநூறு கூட ஆனாலும் பரவாயில்ல.

பின்சேர்க்கை: 10-ஆல வகுத்தும் நேரம் கூட ஆகுதுன்னு குன்னூர்ல இருந்து ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. செட்டிங்க்ஸை அனுப்பச் சொல்லிப் பாத்தா 8 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப். தப்பு வந்துச்சான்னு பாக்குற பாரிட்டியும் ஒரு பிட் எடுத்துக்கும்க்கா, அப்போ 11. அதே 1 எம்பி, அதே 9600-ல 20 நிமிஷம் ஆகும்.