கடலோர வெயிலில் மங்கிய கார்பன் ஃபைபர் பானட்டுக்கு

மண்டபம், பாம்பன் பக்கம் வெட்டவெளியில் நிற்கிற காரில் கார்பன் ஃபைபர் பானட் இருந்தால், சில வருடங்களில் மஞ்சளித்துப் பாலாடை படிந்தது மாதிரி ஆகிவிடும். பெரும்பாலும் கெடுவது நார் அல்ல, மேலே இருக்கும் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சுதான். அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் நல்ல தண்ணீரில் ஷாம்பூ போட்டு உப்பைக் கழுவுங்கள். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அது வேண்டாம். அப்புறம் 600 நம்பர் வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றி, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். வழிகிற தண்ணீர் மேலேயே கண் இருக்கட்டும். வெள்ளையாக வந்தால் சரி, கோட்தான் தேய்கிறது. கறுப்பு கலந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள், நாரைத் தொட்டுவிட்டீர்கள். அறுந்த பின்னலைக் கிளியர் கோட் மறைக்காது. விளிம்பில் கோட் மெலிசு, அங்கே கையை அழுத்தவே கூடாது.

ஹார்டனர் (பூச்சை இறுக வைப்பது) கலந்து அடிக்கிற, புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட்டே வாங்குங்கள். மெலிதாக 3 கோட், நடுவில் டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி. அடிக்கும்போது பறக்கிற புகை நுரையீரலுக்கு ஆகாது, துணி கட்டினால் போதாது, பெயிண்ட் அடிப்பவர்களின் வடிகட்டி முகமூடி வேண்டும். கச்சான் காற்றில் மணல் ஒட்டும், மழை ஈரத்தில் கோட் வெளுக்கும், ஆகவே மூடிய ஷெட்டில் அடியுங்கள்.

பானட்டைக் கழற்றி அடித்திருந்தால், திரும்ப மாட்டும்போது போல்ட்டுக்கு நைலான் வாஷர் போடுங்கள். கார்பனைத் தொடும் இரும்பை உப்புக்காற்று வேகமாக அரிக்கும்.