போர்ச் செய்தி வந்ததும் டிக்கெட்டை ரத்து செய்யலாமா? விடுமுறைப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கோடை விடுமுறைக்கு ஸ்ரீநகர் டிக்கெட் போட்டு வைத்திருந்த குடும்பங்கள் நாடு முழுக்க இருந்தன. அந்த நேரத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது போனை எடுத்து ரத்து செய்வதுதான். அப்படிச் செய்தால் வழக்கமான பிடித்தம் போக மிச்சம்தான் கைக்கு வரும். ஆனால் ஓரிரு நாளிலேயே ஏர் இந்தியாவும் இண்டிகோவும் ஸ்ரீநகர் டிக்கெட்டுகளைக் கட்டணம் இல்லாமல் மாற்றலாம், ரத்து செய்தால் முழுப் பணமும் உண்டு என்று அறிவித்துவிட்டன. மே மாதம் ஆபரேஷன் சிந்தூரை ஒட்டி வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டபோதும் இதுபோன்ற சலுகை வந்தது.

உலகம் பதற்றத்தில் இருக்கும்போது போகலாமா வேண்டாமா என்ற கேள்வியைவிட, யார் முதலில் ரத்து செய்கிறார்கள் என்பதுதான் நம் பணத்தைத் தீர்மானிக்கிறது. விமானத்தை நிறுவனம் ரத்து செய்தால், டிக்கெட் எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நாம் முந்திக்கொண்டால் அது நம் விருப்பத்தில் செய்த ரத்து. போகப்போவதில்லை என்று மனதளவில் முடிவெடுத்துவிட்டாலும், பொத்தானை அழுத்த அவசரப்பட வேண்டாம். உங்கள் டிக்கெட்டுக்கு ரத்துக் கட்டணம் எந்தத் தேதியில் ஏறுகிறது என்று பாருங்கள். அந்தத் தேதி வரை பொறுத்திருப்பதில் பெரும்பாலும் நட்டம் எதுவும் இல்லை.

பொறுத்திருப்பது வேறு, மறந்துவிடுவது வேறு. ரத்தும் செய்யாமல், விமானத்திலும் ஏறாமல் விட்டால் அநேகமாக மொத்தப் பணமும் போய்விடும். அப்போதும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதி. கேட்டால்தான் தருவார்கள், பலர் கேட்பதே இல்லை.

அதே மே மாதத்தில் துருக்கி, அஜர்பைஜான் பயணங்களைப் பலர் தாங்களாகவே கைவிட்டார்கள். இந்தியா-பாகிஸ்தான் மோதலில் அந்த நாடுகள் பாகிஸ்தான் பக்கம் நின்றதால் வந்த கோபம் அது. ஆனால் அந்த நாடுகளுக்கு விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. கொள்கைக்காக ஒரு பயணத்தை விடுவது அவரவர் உரிமை, அதில் நான் தலையிட மாட்டேன். செலவு யார் தலையில் விழும் என்று தெரிந்துகொண்டு விட்டால் சரி.

போகும் ஊரைப் பார்த்தோம், போகும் வழியைப் பார்த்தோமா?

லண்டன் அமைதியாக இருக்கிறது, பாரிஸ் அமைதியாக இருக்கிறது, பிறகு என்ன என்று கிளம்புகிறவர்கள் உண்டு. 2025 ஜூன் 23 மாலை, கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை வீசியது. கத்தார் சில மணி நேரம் தன் வான்வெளியை மூடியது. தோஹாவை நோக்கி வந்துகொண்டிருந்த 90-க்கும் மேற்பட்ட விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அவற்றில் இருந்தவர்களில் நிறையப் பேருக்கு தோஹாவில் எந்த வேலையும் கிடையாது. அங்கே விமானம் மாறி வேறு எங்கோ போக வேண்டியவர்கள். சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து மேற்கே போகும் நம்மில் பெரும்பாலோர் துபாய், அபுதாபி, தோஹா வழியாகத்தான் போகிறோம். வளைகுடாவில் புகை கிளம்பினால் ஐரோப்பியப் பயணம் ஆடும். அதே நாளில் சிங்கப்பூர் வழியாக வியட்நாம் போகிறவரின் பாதை அந்தப் பக்கமே இல்லை. இரண்டையும் 'வெளிநாட்டுப் பயணம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்துவதில் பொருளே இல்லை.

விமானம் எந்த நாட்டுடையது என்பதும் முக்கியம். 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது இந்திய விமான நிறுவனங்களுக்கு மட்டும்தான். டெல்லியிலிருந்து மேற்கே போகும் நம் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. மத்திய ஆசியாவின் அல்மாட்டி, தாஷ்கண்ட் சேவைகளை இண்டிகோ நிறுத்தியே விட்டது. சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி வெளிநாட்டு விமானம் இருந்தால், பதற்றமான நாள்களில் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது எனக்கு வீண்செலவாகத் தெரியவில்லை. மாறும் இடம் ஒன்று குறைந்தால், சிக்கிக்கொள்ளும் இடமும் ஒன்று குறைகிறது.

மாறித்தான் போக வேண்டும் என்றால் முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருக்கட்டும். இரண்டு மலிவு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கி ஒட்டவைப்பதுதான் இந்தக் காலத்தில் நான் பார்க்கும் மிக மோசமான சிக்கனம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைப் பற்றிக் கவலை கிடையாது. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி. பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டிவந்தால் விசா பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். ஒரே பிஎன்ஆர் என்றால் உங்களைக் கடைசி ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் வேலை.

காப்பீடு எடுத்தாச்சு என்ற நிம்மதி

இங்கே ஏமாறுகிறவர்கள் அதிகம். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான பயணக் காப்பீட்டு பாலிசிகளில், போரும் போர் சார்ந்த இழப்புகளும் விலக்குப் பட்டியலில் இருக்கும். பயந்துபோய் நாமே கைவிடும் பயணத்துக்கும் பொதுவாகப் பணம் கிடைக்காது. உடல்நலக் குறைவு, நெருங்கிய உறவினர் மரணம் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்குத்தான் ரத்து இழப்பீடு.

அடுத்தது, வாங்கும் நேரம். பிரச்சினை செய்தியில் வந்த பிறகு பாலிசி எடுத்தால், அது ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு என்று சொல்லிக் கைவிரிப்பார்கள். டிக்கெட் போட்ட அன்றே காப்பீடும் எடுத்துவிடுங்கள். போகும் நாட்டைத் தவிர்க்கும்படி வெளியுறவு அமைச்சகம் அறிவுறுத்தியிருந்தும் கிளம்பினால், அங்கே ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூடக் காப்பீடு செல்லாமல் போகலாம். விளம்பரத் தாளை விட்டுவிட்டு, பாலிசி ஆவணத்தில் விலக்குகள் என்ற பகுதியை மட்டுமாவது படியுங்கள்.

இதற்காகக் காப்பீடே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இல்லாமல் முடியாது. ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து கிளம்பும் விமானம் ரத்தானால், அது எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடும் தேவைப்பட்டால் தங்குமிடமும் தருவது நிறுவனத்தின் கடமை. 2010-ல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி நாள்கணக்கில் முடங்கியது. அப்படிப்பட்ட அசாதாரணச் சூழலிலும் இந்தக் கடமை உண்டு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. ஆகவே நிறுவனம் தராமல் நீங்களே செலவு செய்தால், பின்னால் கேட்டு வாங்க அந்த ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள்.

ஹோட்டலும் ஏஜென்ட்டும்

ஹோட்டலில் 'இலவச ரத்து' என்று போட்டிருந்தாலும் அதற்கு ஒரு கெடு இருக்கும், அதுவும் பெரும்பாலும் அந்த ஊர் நேரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே நள்ளிரவோடு முடியும் கெடு, நமக்கு இரவு ஒன்பதரைக்கே முடிந்துவிடும்.

பேக்கேஜ் டூர் என்றால், கிளம்புவதற்கு எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முன்பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். 'பாத்துக்கலாம் சார்' என்ற வாட்ஸ்அப் பதிலை வைத்துக்கொண்டு பின்னால் ஒன்றும் செய்ய முடியாது. பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய தொகையைத் திரும்பப் பெற்றுத்தரும்படி, கேட்க ஒரு வழியாவது இருக்கும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட்டும் பறப்பதை நிறுத்தியபோது, டிக்கெட் வாங்கியவர்கள் பணத்துக்காக அலைந்தது நினைவிருக்கலாம். எண்ணெய் விலை ஏறும் காலத்தில் ஏற்கெனவே தள்ளாடும் நிறுவனங்கள்தான் முதலில் விழும்.

வெளிநாடு வேண்டாம், ஊட்டிக்குப் போகலாம்

வீட்டில் அடுத்து வரும் யோசனை பெரும்பாலும் இதுதான். நல்ல யோசனைதான், ஆனால் ஊரே அதை யோசித்திருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை தினசரி எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வைத்தார்கள்: ஊட்டிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நீங்கள் போகும் நேரத்தில் விதி என்ன என்று பார்க்காமல் அறையை மட்டும் பதிவு செய்துவிட்டு மலை ஏறினால் சோதனைச் சாவடியிலேயே திரும்ப வேண்டியிருக்கும். வெளிநாட்டு டிக்கெட்டில் போனது போதாதென்று இங்கேயும் ஒரு அறை வாடகை வீணாகும்.

பணம் திரும்பி வரும்போது

விமானம் ரத்தாகிவிட்டது. 'உங்கள் தொகையை கிரெடிட் ஷெல்லில் வைத்திருக்கிறோம்' என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது. பணமாகத் தராமல், அடுத்த டிக்கெட்டுக்குப் பயன்படுத்தும் வரவாக அவர்களே வைத்துக்கொள்வதுதான் கிரெடிட் ஷெல். உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். கிரெடிட் ஷெல்லில் வைப்பதா, பணமாக வாங்குவதா என்பது பயணியின் விருப்பம் என்று டிஜிசிஏ விதி தெளிவாகச் சொல்கிறது. கொரோனா காலத்தில் இது உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபரில் தீர்ப்பாயிற்று. கிரெடிட்டுக்குக் காலாவதித் தேதி இருக்கும், அந்த நிறுவனத்தின் விமானத்துக்குத்தான் செல்லும். ஒருவேளை நிறுவனமே மூழ்கினால் உங்கள் கிரெடிட்டும் கூடவே மூழ்கும். ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட் என்றாலும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டி இழுத்தடித்தால், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பிஎன்ஆரோடு புகார் பதியுங்கள். ஹோட்டல், டூர் நிறுவனத் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.