மருந்து மூட்டையோடு மலைக்குக் கிளம்பும் முன்: எங்கள் குழு செய்த தவறுகள்

தவக்காலத்தில் ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருமுறை, எங்கள் பங்கு இளைஞர் குழுவுக்குச் சேவை வேகம் வந்துவிடும். ஒரு வேன், தெரிந்த டாக்டர் ஒருவர், நாலு அட்டைப்பெட்டி மாத்திரை, ஒரு பேனர். பென்னாகரம் பக்கமோ அஞ்செட்டி பக்கமோ ஏதாவது ஓர் ஊரைப் பிடித்து, காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடுவோம். ஏழெட்டு வருடம் இப்படி ஓடியிருக்கிறோம். கோயில் அறக்கட்டளையில் இருக்கும் நண்பர்களும் ஜமாஅத் நண்பர்களும் சொல்வதைக் கேட்டால் அவர்கள் கதையும் ஏறக்குறைய இதேதான், பேனரில் இருக்கும் படம் மட்டும் வேறு. அதனால் புதிதாகக் கிளம்புகிறவர்களுக்காக, நாங்கள் எங்கெங்கே சொதப்பினோம் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் மாத்திரை. ஒரு முகாம் முடிந்து பத்து நாள் கழித்து அதே ஊருக்கு வேறு வேலையாகப் போனபோது, முகாமுக்கு வந்திருந்த ஓர் ஆயா திண்ணையில் படுத்திருந்தார். எழுந்தால் தலை சுற்றுகிறதாம், ஒருமுறை கீழேயும் விழுந்துவிட்டார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் மஞ்சப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மூன்று வகை அட்டை. ஒன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் மாதாமாதம் வீட்டுக்கே வந்து கொடுக்கும் பிரஷர் மாத்திரை, ஒன்று நாங்கள் கொடுத்தது, இன்னொன்று எங்களுக்கு முன்னால் வந்த யாரோ கொடுத்தது. கம்பெனிப் பெயர்தான் வேறு வேறு, எங்களுடையதற்குள்ளும் அரசு கொடுத்ததற்குள்ளும் இருந்த மருந்து ஒன்றே. "எது எதுக்குன்னு எனக்கென்ன சாமி தெரியும், எல்லாமே வெள்ளையாத்தான் இருக்கு" என்றார். அவர் மேல் என்ன தப்பு? முகாமில் அவரிடம் பிரஷர் பார்த்தோம், ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. வரிசை நீளமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். இத்தனைக்கும் அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். நம் ஊரிலேயே பிறந்த திட்டத்தைப் பற்றி விசாரிக்காமல் போய், அதே மாத்திரையை இன்னொரு பங்கு கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

பூச்சி மாத்திரையும் இப்படித்தான். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வருடத்துக்கு இரண்டு முறை கொடுக்கிறார்கள். அந்த வாரத்திலேயே நீங்களும் போய்க் கொடுக்காதீர்கள். கடைகளில் கேட்டு வாங்கும் இலவச மருந்தில் தேதி பாருங்கள். இரண்டு மாதத்தில் காலாவதி ஆகப்போகும் சிரப்பை ஒரு வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அது இரண்டு வருடம் அங்கேயே இருக்கும்.

சரி, இப்போது தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற இந்த இரண்டு மாவட்டத்திலும் நல்ல மனசோடு செய்கிற பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது. தண்ணீர்க் கஷ்டம் என்றதும் காணிக்கை சேர்த்து ஒரு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டுக் கொடுத்துவிடுவது. நம் பூமி கெட்டிப் பாறை. அந்தப் பாறையில் இருக்கும் தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் இறங்குகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் வருடக்கணக்கில் குடித்தால் குழந்தைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகிப் போவது. தருமபுரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பிள்ளைகளை எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்ததே இதற்காகத்தான். அந்தக் குழாய் வருகிற ஊரில், அது வராத நாட்களுக்காக என்று நாம் ஒரு போர் போட்டுக் கொடுத்தால், பக்கத்திலேயே கிடைக்கிறது என்று ஜனங்கள் அதையே குடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

வங்கதேசத்தில் இதுதான் மிகப் பெரிய அளவில் நடந்தது. குளத்துத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகிறார்கள் என்று 1970-களில் உதவி அமைப்புகள் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறு இறக்கின. எண்ணம் சரிதான். ஆனால் தண்ணீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை, அது இருப்பது அங்கே 1993-ல்தான் தெரியவந்தது. அதற்குள் ஜனங்கள் பல வருடம் அதையே குடித்திருந்தார்கள்.

அதனால் போர் போட்டே ஆக வேண்டும் என்றால், தண்ணீரை முதலில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஃப்ளோரைடுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். ஆகவே முகாமில் மைக் பிடித்து "எல்லோரும் காய்ச்சிக் குடியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்காதீர்கள். அது கிருமிக்குத்தான் மருந்து. ஆர்.ஓ. மெஷின் வைத்தால் ஃப்ளோரைடு பெருமளவு குறையும், உண்மைதான், ஆனால் ஃபில்டர் மாற்றும் காசு யார் கையில்? ஓர் ஊரில் நன்கொடையாளர் பெயர் பளபளவென்று எழுதிய மெஷினின் கம்பியில் இப்போது ஆட்டைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். குடிக்க மட்டும் நல்ல தண்ணீர் பிடித்து வைப்பார்கள், களி கிண்டுவதும் குழம்பு வைப்பதும் போர் தண்ணீரில். அதன் வழியாகவும் உள்ளே போகும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசினால்தான் புரியவைக்க முடியும்.

ஒருமுறை ஒரு கம்பெனிக்காரர் தந்தார் என்று அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குப் பிரஷ்ஷும் பேஸ்ட்டும் கொடுத்தோம். ஃப்ளோரைடு சேர்த்த பேஸ்ட்! துப்பத் தெரியாமல் விழுங்குகிற வயசு, குடிப்பதோ ஏற்கெனவே ஃப்ளோரைடு தண்ணீர். நாங்கள் கைதட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். அந்தப் போட்டோவும் தவறுதான், பிள்ளையின் கறைப் பல்லைக் கிட்டத்தில் எடுத்து நன்கொடைக்காக வாட்ஸப்பில் சுற்றவிட்டால் நாளைக்கு அதே படம் அவள் வகுப்புக்கே வந்து சேரும்.

கைக்குழந்தைக்குப் பால் பவுடர் டப்பா கொடுப்பது இன்னும் மோசம். தாய்ப்பால் நின்றுபோகும், டப்பா தீர்ந்ததும் தண்ணியாகக் கரைத்து ஊட்டுவார்கள். இலவசமாக வினியோகிக்க 1992 சட்டத்திலேயே தடை இருக்கிறது.

பிரார்த்தனை பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது, எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. ஜெபம் பண்ணுங்கள், நானும் பண்ணுகிறேன். ஆனால் ஒரு மணி நேரம் பிரசங்கம் கேட்ட பிறகுதான் டோக்கன் என்று வைக்காதீர்கள். அவர்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அதைவிட ஆபத்து, "சுகமாயிட்டீங்க" என்று சொல்வது. டிபிக்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் குணமாகிவிட்டது என்று நம்பி ஒருவர் நிறுத்தினால், கிருமி மருந்துக்கு அடங்காமல் திரும்பி வரலாம், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவலாம். குணமாகிவிட்டதா என்பதைச் சளிப் பரிசோதனை சொல்லட்டும்.

சின்ன விஷயங்களும் உண்டு. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான் பேச்சு, நாங்களோ செந்தமிழில் நோட்டீஸ் அடித்துக்கொண்டு போனோம். ஆம்பளைகளுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று வாரநாளில் போனால் ஆளே இருக்காது, பெங்களூர் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள். ஆப்பிள், ஓட்ஸ் என்று ஆரோக்கிய உணவு வகுப்பு எடுத்ததும் நாங்கள்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் வீட்டிலேயே கால்சியம் நிறைந்த கேழ்வரகும் முருங்கைக்கீரையும் இருந்தன.

போன வருடம் கிளம்பும் முன் முதல்முறையாக அந்த ஊர் நர்சம்மாவுக்குப் போன் போட்டு, நாங்கள் என்ன செய்தால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "முகாம் வேணாங்க தம்பி. தடுப்பூசி நாள்ல மேல இருக்கிற மூணு ஊருக்குப் போக வண்டி இருந்தா அனுப்புங்க, பஸ் மத்தியானத்தோட நின்னுடுது" என்றார். இப்போது மாதம் ஒரு புதன்கிழமை வேன் போகிறது. டிரைவரைத் தவிர எங்கள் ஆள் யாரும் அதில் ஏறுவதில்லை, தடுப்பூசிப் பெட்டிக்கும் அவருக்கும்தான் இடம்.