தனியாகக் காரில் ஒரு நாள்: ஒலிம்பிக் தீபகற்பத்தில் மழைக்காடும் கடலும்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது ஒலிம்பிக் தேசியப் பூங்கா. சியாட்டிலில் இருக்கும் நம்மவர்களைக் கேட்டால், "காலையில ஹோ மழைக்காடு, சாயங்காலம் அப்படியே பீச்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பாதீர்கள். காடு எந்நேரமும் திறந்தே கிடக்கும். ரியால்டோ கடற்கரையோ கடல் விட்டுக்கொடுக்கிற நேரத்தில்தான் நமக்கு. அதனால் திட்டத்தைக் கடலிலிருந்து ஆரம்பிப்போம்.

படி 1: ஓத அட்டவணையைப் பாருங்கள்

கடல் ஏறுவதையும் வற்றுவதையும் பாடப்புத்தகம் ஓதம் என்கிறது. ஈழத்தில் வற்றுப்பெருக்கு என்பார்கள். நோவா என்ற அமெரிக்க அரசு அமைப்பின் தளத்தில் ஒவ்வொரு நாளுக்கும் நேரம், உயரம் இரண்டும் கிடைக்கும். 'லா புஷ், குயிலாயூட் ஆறு' என்ற நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். உயரம் அடிக்கணக்கில் இருக்கும். எண் சிறியதாக, முடிந்தால் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் நல்ல நாள்.

முதல் தடவை நான் பார்த்தது சியாட்டிலின் அட்டவணை. எல்லாம் ஒரே கடல்தானே என்ற நினைப்பு. பசிபிக் நீர், ஹுவான் டி ஃபூகா நீரிணை வழியாகச் சுற்றி உள்ளே போய்ச் சேர வேண்டும். அதனால் சியாட்டிலில் கடல் வற்றுவது வெளிக்கரையைவிடப் பல மணி நேரம் பிந்தி. நான் சாவகாசமாகப் போய் நின்றபோது அலை பாறையின் இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.

கோடையில் பெரிய வற்றல்கள் பெரும்பாலும் காலையில் வரும். அது வசதி: காலையில் கடற்கரை, மாலையில் காடு. உங்கள் தேதியில் வற்றல் மாலையில் விழுந்தால் திட்டத்தை அப்படியே திருப்பிப் போட்டு, காலை எட்டு மணிக்கு முன்பே காட்டு வாசலுக்குப் போய்விடுங்கள்.

படி 2: முந்தின இரவு

சியாட்டிலிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போவதற்கே நான்கு மணி நேரம் ஆகும். ஃபோர்க்ஸ் என்ற சின்ன மரவெட்டி ஊரில் தங்குங்கள். அங்கிருந்து ரியால்டோ சுமார் 22 கி.மீ., எதிர்த்திசையில் ஹோ சுமார் 50 கி.மீ.

பெட்ரோலை ஃபோர்க்ஸிலேயே நிரப்புங்கள், காட்டுக்குள் பங்க் கிடையாது. வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வையுங்கள், சிக்னல் வழியிலேயே செத்துவிடும். தனியாகப் போவதால் இன்னொன்று: எங்கே போகிறேன், எத்தனை மணிக்குள் செய்தி வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். அம்மாவிடம் சொல்வதானால் இரண்டு மணி நேரம் கூட்டியே சொல்லுங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. மழைக் கோட்டு, மாற்று சாக்ஸ், புளிசோறோ சப்பாத்தியோ ஏதாவது ஒரு பொட்டலம்.

படி 3: ரியால்டோ

கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் நடக்கத் தொடங்குங்கள். வடக்கே 2.4 கி.மீ. தொலைவில் 'ஹோல் இன் த வால்' என்ற பாறைத் துளை. தூரம் குறைவுதான்; ஆனால் காலடியில் மணல் இல்லை, வழவழவென்று உருண்ட கூழாங்கல். ஒவ்வோர் அடிக்கும் பாதம் ஒரு விரற்கடை புதையும். ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரையோரம் யானைப் பருமனில் வெளுத்த மரங்கள் குவிந்து கிடக்கும். ஆறுகள் அடித்து வந்ததைக் கடல் திருப்பி எறிந்தவை. படம் எடுக்க வாகான இடம் என்று அலை தொடும் தூரத்தில் கிடக்கும் கட்டையில் ஏறாதீர்கள். முழங்கால் ஆழத் தண்ணீர் போதும், அந்த மரத்தைப் புரட்டிவிடும். ஆள் அடியில் மாட்டினால் தூக்க யாரும் இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள் என்று அங்கே எல்லோரும் சொல்வது சும்மா இல்லை.

துளைக்குப் பக்கத்துப் பாறைக் குழிகளில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். பூப்போலத் தெரியும் கடல் உயிர்களான கரும்பச்சைக் கடற்சாமந்திகள், ஊதாவும் ஆரஞ்சுமாக நட்சத்திரமீன்கள். தொடாமல் பார்ப்பது நல்லது. துளைக்குள் நுழைந்து மறுபக்கம் போவது கடல் நன்றாக வற்றியிருக்கும்போது மட்டும். வற்றும் நேரம் தாண்டியதுமே திரும்பிவிடுங்கள். தெற்கே ஆற்று முகத்துவாரத்துக்கு அக்கரையில் தெரிவது லா புஷ், குயிலூட் பழங்குடியினரின் ஊர்.

படி 4: இடைவேளை

ஃபோர்க்ஸில் சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். கோடை நண்பகலில் ஹோ வாசலில் கார்கள் வரிசை கட்டும். ஒரு கார் வெளியே வந்தால்தான் ஒரு கார் உள்ளே. மூன்றரை மணிக்கு மேல் போனால் போதும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பது தாண்டும்.

101ஆம் எண் சாலையில் மர லாரிகள் வேகமாக வரும். உங்கள் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது இந்த மாநிலத்தில் சட்டம். பூங்கா நுழைவுக் கட்டணம் வண்டிக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். கார்டைக் கையில் வைத்திருங்கள்.

படி 5: ஹோ மழைக்காடு

பசிபிக்கின் ஈரக்காற்று 2,432 மீட்டர் உயர ஒலிம்பஸ் சிகரம் நிற்கும் ஒலிம்பிக் மலைத்தொடரில் முட்டி, மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்க்கிறது. ஹோவில் ஆண்டுக்குச் சுமார் 3.5 மீட்டர் மழை. மலைக்கு அந்தப் பக்கம் சீக்விம் ஊரில் 40 சென்டிமீட்டர்தான். பள்ளியில் படித்த மழை மறைவுப் பிரதேசம் இதுவே.

புதியவர்களுக்கு 'ஹால் ஆஃப் மாசஸ்' என்ற 1.3 கி.மீ. வட்டப்பாதை போதும். வேகமாக நடந்தால் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், அப்படி முடிப்பது வீண். மேப்பிள் மரக் கிளைகளில் ஜடை ஜடையாகப் பாசி தொங்கும். அந்தப் பாசி மெத்தைக்குள்ளேயே மேப்பிள் தன் கிளையிலிருந்து வேர் விட்டுச் சத்து எடுக்கிறது. நளினி நட்கர்ணி என்ற காட்டுச் சூழலியலாளர் மரமேறிப் பார்த்து 1981இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது.

விழுந்து கிடக்கும் மரம் ஒன்றின் அருகே நில்லுங்கள். அதன் முதுகில் பாசி, பாசிமேல் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரத்தின் விரல் உயரக் கன்றுகள். தரையில் பெரணி அடர்ந்திருப்பதால் விதைக்கு இடமில்லை; செத்த மரத்தின் முதுகுதான் நாற்றங்கால். செவிலிமரம் என்று சொல்லலாம். சற்றுத் தள்ளி, நேர்க்கோட்டில் நட்டது போல் நான்கைந்து ராட்சத மரங்கள் நிற்கும். வேர்கள் தரைக்குமேல் கவட்டை விரித்திருக்கும். அடியில் குனிந்து பார்த்தால் ஆள் நுழையும் அளவு காலியிடம்: செவிலிமரம் மக்கிப்போன இடம்.

நேரமிருந்தால் 1.9 கி.மீ. ஸ்ப்ரூஸ் பாதையும் போகலாம், ஆற்றைத் தொட்டுவிட்டு வரும். ரூஸ்வெல்ட் எல்க் மான்கள் நின்றால் ஐம்பது கெஜம் தள்ளியே நில்லுங்கள்.

படி 6: திரும்புதல்

இருட்டுவதற்கு முன்பே வண்டியை எடுங்கள். அந்தி நேரத்தில் மான்கள் சாலையைக் கடக்கும். 101இல் ஏறி ஃபோர்க்ஸை நெருங்கும்போது கைப்பேசி டிங் டிங் என்று மொத்தமாக அடிக்க ஆரம்பிக்கும். ஓட்டிக்கொண்டே பார்க்காமல் ஓரங்கட்டி, முதலில் வீட்டுக்கு "வந்துட்டேன்" என்று அனுப்புங்கள்.