தோட்டப் பாதைக்கு 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கு: ஒயர் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

பலரும் விளக்கைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, ஒயரை மட்டும் கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். முதல் விளக்கு பளிச்சென்று எரியும், கடைசி விளக்கு அழுது வடியும். அதனால் முதலில் ஒயர்.

4 வாட்ஸ் விளக்கு 8 என்றால் மொத்தம் 32 வாட்ஸ். 12 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.7 ஆம்பியர். 30 மீட்டர் தூரத்துக்குப் போக, வர 60 மீட்டர் ஒயர். 1.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயரில் இதன் மின்தடை 0.7 ஓம். எல்லா விளக்கும் கடைக்கோடியில் இருந்தால் 1.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். வழிநெடுக சம இடைவெளியில் இருந்தால் இழப்பு கிட்டத்தட்டப் பாதி. 2.5 ஸ்கொயர் எம்.எம். எடுத்தால் அந்த 1.9, 1.1 ஆகக் குறையும். என் தேர்வு எப்போதும் 2.5 தான். பிறகு இரண்டு விளக்கு கூட்டினாலும் தாங்கும்.

வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கும் டிரான்ஸ்பார்மரை 80 சதவீதத்துக்கு மேல் சுமக்க விடாதீர்கள். 32 வாட்ஸுக்கு 40 வாட்ஸ் டிரான்ஸ்பார்மர் போதும், 60 வாங்கினால் நிம்மதி. ஹாலஜன் விளக்குக்கு வைத்திருந்த பழைய எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மர் வேண்டாம். அதற்குக் குறைந்தபட்ச சுமை என்று ஒன்று உண்டு, எல்.இ.டி. அந்த அளவைத் தொடாவிட்டால் விளக்கு மினுக்மினுக்கென்று துடிக்கும். விளக்கில் ஏ.சி. என்றா டி.சி. என்றா போட்டிருக்கிறது என்று பாருங்கள். டி.சி. என்றால் பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. டிரான்ஸ்பார்மர் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்திலாவது இருக்கட்டும். அதற்கு வரும் வீட்டு மின்சார இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

தூசு, தண்ணீர் புகாமல் காக்கும் தரக்குறியீடு ஐ.பி.; விளக்குக்கு ஐ.பி. 65, தண்ணீர் தேங்கும் இடத்துக்கு 67. ஒளியின் நிறம் 2700 முதல் 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள். பாதையின் இருபுறமும் மாற்றி மாற்றி, 2 மீட்டருக்கு ஒன்று. எதிரெதிரே நட்டால் விமான ஓடுதளம் போலாகிவிடும். விளக்கின் அடியில் மண்ணில் செருகும் கூர்முனையைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், உடையும். கடப்பாரையால் குழி போட்டுச் செருகுங்கள்.

இனி ஜாயின்ட். பெரும்பாலான பழுது இங்கேதான். இன்சுலேஷன் டேப் மண்ணுக்குள் நிற்காது. ஈரம் டேப்பின் ஓரமாக நுழைந்து, செம்பு இழைகளின் இடுக்கு வழியே ஒயருக்குள் ஊறிக்கொண்டே போகும். செம்பு பச்சை பூத்து மின்தடை ஏறும். விளக்கு மங்கும், பிறகு அணையும். ஜெல் நிரப்பிய கனெக்டர்தான் சரி. 12 மி.மீ. உரித்து, இழைகளை முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் நுழைத்து இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியே இழுத்துப் பாருங்கள். ஒன்று கழன்று வந்தாலும் மறுபடி போடுங்கள். ஒயரின் உறையை ஊசியால் குத்தி இணைக்கும் குத்து கனெக்டர் வகை வேகமானதுதான். ஆனால் ஊசி இழைகளில் சரியாக இறங்காவிட்டால் சில மாதத்தில் விளக்கு துடிக்கத் தொடங்கும். அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மண்ணை மூடும் முன் எல்லா விளக்கையும் எரியவிட்டு, கடைசி விளக்கில் மல்டிமீட்டர் வையுங்கள். 11 வோல்ட் இருந்தால் மூடலாம். குறைந்தால், டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் ஒயரை வரிசையின் நடுவில் சேர்த்து, அங்கிருந்து இரு பக்கமும் பிரித்துவிடுங்கள். ஏ.சி. டிரான்ஸ்பார்மர் என்றால் மீட்டரையும் ஏ.சி.யில் வைக்க வேண்டும்.

ஒயருக்கு 15 செ.மீ. ஆழம். மண்வெட்டி விழும் செடிப் பாத்தியிலும் பாதையைக் கடக்கும் இடத்திலும் பி.வி.சி. பைப்புக்குள் விடுங்கள். ஒவ்வொரு விளக்கடியிலும் 30 செ.மீ. ஒயரைச் சுருட்டி வைத்தால், செடி வளர்ந்து மறைக்கும்போது விளக்கை நகர்த்தி நடலாம்.